ஏழாவது வளைவுல நின்ன லுச்செர்த்தோலா

எல்லாருக்கும் வணக்கம். எப்படி இருக்கீங்க, உடம்பெல்லாம் தேவலையா? மூடுபனி ஆரம்பிச்சாச்சு, முட்டி வலிக்காரங்க பாத்து நடங்க. எனக்குக் கண்ணு மட்டும்தான் மங்கல், வாய் நல்லாத்தான் இருக்கு, எங்க வீட்டுல எல்லாருக்கும் அதுதான் வருத்தம்.

போன வாரம் இந்தப் பழைய மோட்டார்சைக்கிள்காரங்க இணையப் பக்கத்துல ஒருத்தர் லுச்செர்த்தோலா படம் போட்டிருந்தார். மோதெனா கண்காட்சியில நிக்குதாம். கீழ நாப்பது பேர் எழுதியிருக்கீங்க. எவ்வளவு அருமையான வண்டி, பாவம் ரெண்டு வருஷத்துல கம்பெனி மூடிட்டாங்க, பந்தயத்தன்னிக்கு முதலாளி மர்சதூரியே வெளக்கெண்ணெய் ஊத்திக் கெடுத்துட்டான்னு. படிக்கப் படிக்கக் காபி ஆறிப்போச்சு எனக்கு.

மர்சதூரி ஊத்தல. அவன் நல்லவன்னு சொல்ல வரல. செத்து நாப்பது வருஷம் ஆச்சு, இன்னிக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனா அவன் படுத்திருக்கற வரிசையச் சுத்திக்கிட்டுத்தான் போவேன். ஆனா ஊத்தினது அவன் இல்ல. அது எனக்கு மட்டும்தான் தெரியும், மத்தவங்க எல்லாம் போய்ச் சேந்தாச்சு. அதான் எழுதறேன்.

வண்டியக் கண்டுபிடிச்சது எங்கண்ணன் எர்மெத்தே கம்பெரினி. நான் இயோலே, அவனுக்கு எட்டு வயசு சின்னவ. பட்டறையில எண்ணெய் பம்ப் பூட்டறது என் வேலை. என் விரல் சின்னது, அதுக்காகத்தான் எடுத்தான், பாசத்துல இல்ல.

அந்த வண்டியப் பாத்தவங்களுக்குத் தெரியும். மத்த வண்டி மாதிரி இரும்புக் குழாய வளைச்சு ஒட்டினது கெடையாது. அலுமினியத்துல வார்த்த ஒரே பொட்டி, அதுக்குள்ளயே பெட்ரோல். இஞ்சின் கீழ வயித்தத் தரையில வெச்ச மாதிரி படுத்திருக்கும், இந்தப் பக்கம் ஒரு சிலிண்டர், அந்தப் பக்கம் ஒரு சிலிண்டர். செயின் கெடையாது. பின்னாடி ஸ்பிரிங்குக்குப் பதிலா, போர்ல விழுந்த விமானத்துச் சக்கர ரப்பர வெட்டி வெச்சிருந்தான். வெயில்ல சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்குமே பல்லி, அப்படித் தாழ்வா இருக்கும், அதான் லுச்செர்த்தோலான்னு பேரு.

ஆனா அவனோட உயிர் அந்த பம்ப்ல இருந்துச்சு. அப்பெல்லாம் அந்த மாதிரிச் சின்ன வண்டிக்கு பெட்ரோல்லயே எண்ணெயக் கலந்து ஊத்தணும். கூடினா புகை, கொறைஞ்சா பிஸ்டன் பிடிச்சுக்கும். எர்மெத்தே எண்ணெய்க்குன்னு தனியா ஒரு டப்பா வெச்சான். ஆக்சிலேட்டர எவ்வளவு முறுக்கறீங்களோ அவ்வளவு எண்ணெய பம்ப் தானே அளந்து குடுக்கும். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அதுல எண்ணெய் போற ஓட்டை தையல் ஊசி மொனை அளவு. அதனால மெல்லிசு எண்ணெய்தான் ஊத்தணும். அத பட்டறைச் சுவத்துல செவப்புல எழுதியே வெச்சிருந்தான். முப்பது விதமான எண்ணெய வாங்கிட்டு வந்து நானும் அவனும் சோதிச்சோம். கண்ண மூடிக்கிட்டு விரல் வெச்சாலே எது எந்த எண்ணெய்னு சொல்லிடுவேன் நான்.

பட்டறையும் லேத்தும் வார்க்கற உலையும் மர்சதூரியோடது. வேற யார்கிட்டயும் கெடையாது. எங்க அப்பா அன்செல்மோ அந்தப் பட்டறை வாசல்ல ஒரு நாள் கால் வெச்சதில்ல.

ஏன்னா, இருபத்திரண்டாம் வருஷம், நாங்க பொறக்கறதுக்கு முன்னாடி, அப்பா விவசாயக் கூலிக்காரங்க சங்கத்துல இருந்தார். பாசிஸ்ட் கட்சியோட கருப்புச் சட்டைக்காரங்க நாலு பேர் வந்து, சந்தை நாள்ல, ஊர் நடுவுல, அவர நாற்காலியில கட்டி வாயில புனல வெச்சு ஒரு லிட்டர் வெளக்கெண்ணெய் ஊத்தினாங்க. அப்புறம் கட்ட அவுத்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போடான்னாங்க. அப்பா நடந்தார். ஜனங்க பாத்தாங்க. என்ன ஆச்சுன்னு நான் எழுத வேண்டியதில்ல, வெளக்கெண்ணெய் குடிச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அந்தப் புனலப் பிடிச்சிருந்தவன் மர்சதூரி. இருபது வயசு. போர் முடிஞ்சதும் எல்லாருக்கும் மன்னிப்புன்னு சட்டம் வந்துச்சு, அவன் சட்டையக் கழட்டிட்டுக் கோட்டு போட்டுக்கிட்டு முதலாளி ஆயிட்டான்.

அவன்கிட்டப் போய்க் கை நீட்டினான் எங்கண்ணன். நான் கேட்டேன்.

"உனக்கு வெக்கமே இல்லையா அண்ணே?"

"லேத்துக்கு வெக்கம் தெரியாது. வாயப் பொத்திக்கிட்டு ஸ்குரூவ முடுக்குடி."

இதுதான் அவன். ரெண்டு வருஷம் ஒரே பட்டறையில வேலை செஞ்சோம், பேசினதுல பாதி சண்டை, மீதி பாதி நட்டு எத்தனை போல்ட்டு எத்தனைங்கறது.

அம்பத்திநாலு அக்டோபர். மொந்தே ரொந்தினே மலைப் பந்தயம். அடிவாரத்துலேருந்து மாதா கோயில் வரைக்கும் பதினோரு கிலோமீட்டர் ஏத்தம். மிலான்லேருந்து ஒரு பெரிய வியாபாரி வரேன்னு சொல்லியிருந்தார். வண்டி ஒழுங்கா உச்சி ஏறிட்டா இருநூறு வண்டி எடுக்கறேன், இல்லன்னா வேற எடம் பாக்கறேன்னுட்டார். பத்தொம்பது வண்டிதான் அதுவரைக்கும் வித்திருந்துச்சு. மர்சதூரிக்குப் பொறுமை போச்சு. உச்சி ஏறலன்னா அடுத்த நாளே பட்டறைக்குப் பூட்டுன்னான்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வந்தான். கையில ஒரு தகரம், வெளக்கெண்ணெய். என் மேசைமேல, என் பம்புகளுக்கு நடுவுல நங்குன்னு வெச்சான்.

"பந்தயம்னா இதுதான் ஊத்தணும். உலகமே ஊத்துது."

எர்மெத்தே தலையத் தூக்கல. "இந்த வண்டிக்கு ஒத்துக்காது முதலாளி. கெட்டி. ஓட்டையில போகாது."

"போகாதா? அதெல்லாம் நல்லாவே போகும். உங்கப்பனக் கேட்டுப் பாரு!"

சொல்லிட்டுச் சிரிச்சான் பாருங்க. வார்ப்பு வேலைக்காரங்க ரெண்டு பேர் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் எங்கண்ணனப் பாத்தேன். இப்ப எழுந்து அடிப்பான்னு பாத்தேன். அவன் அரத்த எடுத்து ஒரு வெளிம்ப ராவிக்கிட்டே இருந்தான். சர்ரு சர்ருன்னு.

"இன்னொண்ணு," அப்படின்னான் மர்சதூரி. "மிலான்காரர் கையெழுத்துப் போட்டார்னா வண்டி பேரு மர்சதூரி. ஓணான் பல்லியெல்லாம் வேணாம். இருநூறு வண்டியிலயும் என் பேருதான். சரிதானே எர்மெத்தே?"

"சரி," அப்படின்னான் எங்கண்ணன்.

அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல சூப்பு கிண்ணத்துக்கு மேல நான் அதப் போட்டு ஒடைச்சேன். அப்பா எதிர்ல உக்காந்திருக்கார்.

"அப்பா, சந்தோஷப்படுங்க. உங்க பையன் செஞ்ச வண்டிக்குப் பேர் வெச்சாச்சு. மர்சதூரி!"

எர்மெத்தே கரண்டிய வெச்சான். "வண்டி ஓடணும்டி. பேரு என்ன பேரு? ஓடற வண்டிக்கு எவன் பேர் போட்டா என்ன?"

"புனலுக்கும் அவன் பேரத்தான் போடணும்."

"இயோலே," அப்படின்னார் அப்பா. "உப்ப எடு."

அவ்வளவுதான் சொன்னார். நான் உப்ப எடுத்துக் குடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில மலையடிவாரம். கை விரல் வெறைக்கற குளிர். எர்மெத்தே விடிஞ்சதுமே மேல கோயிலுக்குப் போயிட்டான், கையில கடிகாரம், பக்கத்துல மிலான்காரர். கீழ நானும், வண்டி ஓட்டற இவோவும், மர்சதூரியும். இவோ ரொட்டிக்கடைக்காரர் மகன், நல்லா ஓட்டுவான், தலைக்குள்ள மட்டும் ஒண்ணும் இருக்காது.

இப்ப ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் காலத்துல பந்தய எடத்துக்குப் போனா முதல்ல வர்றது வாசனைதான். எல்லா வண்டியிலயும் வெளக்கெண்ணெய்தான், அது எரிஞ்சு ஒரு இனிப்பான புகை கெளம்பும். அத மோந்துதான் எங்க ஊர்ப் பசங்க பந்தயக்காரன்னு காலரத் தூக்கி விட்டுக்கிட்டாங்க. சில பேர், வாரநாள்ல வேலைக்குப் போற வண்டியிலயும் ரெண்டு சொட்டு விட்டுக்குவாங்க, பொண்ணுங்க திரும்பிப் பாக்கணும்னு. எங்க வண்டியில அந்த வாசனை வராது.

வரிசையில நிக்கற பசங்க இவோவ விடல.

"டேய் ரொட்டி, என்னடா வாசனையே காணோம்? தையல் மெஷின் எண்ணெயா?"

"அவன் பாட்டியோட மெஷினுடா. மேல போய் ஜாக்கெட் தெச்சுட்டு வருவான்!"

"பெடலு இருக்கா பாரு, மிதிச்சுத்தான் ஏத்தணும்."

இவோ மொகம் செவந்துபோச்சு. நான் நம்பர் சீட்டு வாங்கப் போயிட்டு வந்தேன். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தா இவோ வண்டிகிட்ட நின்னுக்கிட்டு சீட்டியடிக்கறான். காலுக்குக் கீழ புல்லுல எண்ணெய் கொட்டின ஈரம். மர்சதூரியோட தகரம் பட்டறைச் சாமான் பொட்டியோடயே வந்திருந்துச்சு, இப்ப அதோட மூடி சரியா மூடல.

எனக்கு அப்பவே புரிஞ்சுது, வாசனை வரணும்னு மாத்தி ஊத்திட்டான். இருந்தாலும் டப்பா மூடியத் தெறந்து விரல விட்டேன். தேன் மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அந்தக் குளிர்ல இன்னும் கெட்டி. இது அந்த ஊசி ஓட்டையில இறங்காது. சூடு ஏறற வரைக்கும் ரெண்டு, மூணு கிலோமீட்டர் தாங்கும், அப்புறம் காஞ்ச சிலிண்டர்ல பிஸ்டன் பிடிக்கும். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிடுவேன்.

இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. என் பையில மெல்லிசு எண்ணெய் இருந்துச்சு, திருப்புளி இருந்துச்சு. அடி ஸ்குரூவக் கழட்டிக் கொட்டி, கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசி, புதுசு ஊத்தணும். நாலு நிமிஷ வேலை. இருட்டுலகூட செஞ்சிருக்கேன்.

திருப்புளிய எடுத்துட்டேன். இத நீங்க நம்பணும், கையில எடுத்துட்டேன்.

அப்ப மர்சதூரி வந்தான். பாக்கெட்டுலேருந்து ஒரு பித்தளைத் தகட்ட எடுத்தான். புது எழுத்து, மினுமினுன்னு, மர்சதூரின்னு. வண்டி நெத்தியில எங்கண்ணன் கையால வரைஞ்ச பல்லி இருந்துச்சு, அதுக்கு மேல வெச்சு அழுத்தி ரெண்டு ஸ்குரூ வெச்சான். அப்புறம் என் பக்கம் கைய நீட்டறான்.

"அந்தத் திருப்புளியக் குடு பொண்ணே."

குடுத்தேன். அவன் முடுக்கினான். முடுக்கி முடிச்சு, கைக்குட்டையால தகட்டத் தொடைச்சான்.

"உங்கப்பா வரலையா? மேல கோயில் வாசல்ல நின்னு பாக்கலாமே. இன்னிக்கு நாற்காலியில எல்லாம் கட்ட மாட்டோம், சும்மா உக்காரலாம்."

நான் டப்பா மூடிய மூடினேன். விரலப் பாவாடையில தொடைச்சேன்.

இவோ வண்டிமேல ஏறிட்டான். என்னப் பாத்தான். நான் மூடி தெறந்து பாத்தத அவன் பாத்திருந்தான், திட்டு விழும்னு பயந்துக்கிட்டு நிக்கறான்.

"எல்லாம் சரியா இருக்கா இயோலே?"

"சரியா இருக்கு," அப்படின்னேன். "போ."

பிஸ்டன் பிடிச்சா பின் சக்கரம் பூட்டிக்கும், ஆள் விழுவான். அது எனக்குத் தோணலன்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய். தோணுச்சு. ஏத்தம்தானே, வேகம் கம்மிதானேன்னு நெனச்சேன்.

வண்டி போச்சு. கீழேருந்து சத்தம் கேக்கும், ஒவ்வொரு வளைவுலயும் மலை மறைக்கும், திரும்ப வரும். நான் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு. அழகா ஏறுச்சுங்க. அவ்வளவு அழகா அது ஏறி நான் கேட்டதில்ல. மூணு, நாலு. முன்னாடி போனவன் ஒருத்தன நெருங்கற மாதிரி இருந்துச்சு, பக்கத்துல இருந்த பசங்க பேச்ச நிறுத்திட்டாங்க. "யார்ரா அது, தையல் மெஷினா?"ன்னு ஒருத்தன் கேட்டான். அஞ்சு. ஆறு. எங்க இஞ்சினுக்கு வேற எண்ணெயும் ஒத்துக்குமோன்னு ஒரு பயம் வந்துச்சு எனக்கு, ஜெயிச்சுடுமோன்னு. ஏழாவது வளைவுல சத்தம் பாதி ஆச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. குருவி கத்தினது கேட்டுச்சு.

இவோவுக்குத் தோள்பட்டை எலும்பு ஒடைஞ்சுது. மிலான்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே கார் ஏறிட்டார்.

எர்மெத்தே மலை உச்சியிலேருந்து ஏழாவது வளைவு வரைக்கும் ஓடி வந்திருக்கான். அங்கயே ரோட்டோரமா பம்பக் கழட்டிப் பாத்து, விரல்ல எடுத்து மோந்திருக்கான். கீழ வந்தவன் நேரா மர்சதூரிகிட்டப் போய், மூக்குலயே குத்தினான்.

"ஊத்தினியா? எங்கப்பனுக்கு ஊத்தினது போதாதுன்னு எனக்கும் ஊத்தினியாடா?"

"நான் எதுக்குடா ஊத்தணும்? என் பேரு போட்ட வண்டிடா அது, வெளக்கெண்ணெய்!" ரத்தம் ஒழுகக் கத்தினான் மர்சதூரி. அவன் வாழ்க்கையில சொன்ன ஒரே நெசம் அதுவாத்தான் இருக்கும். ஒருத்தரும் நம்பல. ஊரே பாத்துக்கிட்டு நின்னுச்சு, தகரம் அவன் வாங்கினது, புனலும் ஒரு காலத்துல அவன் பிடிச்சது. இவோ ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னான். என்னப் பாத்துக்கிட்டே சொன்னான். நானும் அவனப் பாத்துக்கிட்டே நின்னேன். அதுக்கப்புறம் அவன் ரொட்டிக்கடைக்கு நான் போனதே இல்ல, பாலத்தத் தாண்டிப் போய் வாங்குவேன்.

திங்கக்கிழமை பட்டறைக்குப் பூட்டு. வார்ப்பு அச்செல்லாம் எடைக்குப் போட்டான் மர்சதூரி. அந்தப் பத்தொம்பதோட சரி.

நான் என்ன எதிர்பாத்தேன் தெரியுமா? பந்தயத்தன்னிக்கு சாயங்காலம் அப்பா வெளிய முயலுக்குப் புல்லு போட்டுக்கிட்டு இருந்தார். பக்கத்துல போய்ச் சொன்னேன். முழுசாச் சொன்னேன், விரல விட்டது, தகடு, மூடிய மூடினது. அவர் சந்தோஷப்படுவார்னு நெனச்சேன். முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு அவன் பேரு உச்சி ஏறாம நடு ரோட்டுல விழுந்துச்சே, ஜனங்க பாத்தாங்களேன்னு.

அப்பா கூண்டுக் கதவச் சாத்திக் கொக்கிய மாட்டினார்.

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவன் எனக்கு வாயப் பொளந்து ஊத்தினான். நீ உங்கண்ணனுக்குச் சிரிச்சுக்கிட்டே ஊத்தியிருக்க." கையத் தட்டிப் புல்ல ஒதறினார். "நான் அன்னிக்கு வீடு வரைக்கும் நடந்தேன். உங்கண்ணன் எங்க நடப்பான்?"

"உங்களுக்காகத்தானேப்பா..."

"நான் கேட்டேனா? உப்பத்தானே கேட்டேன் உன்கிட்ட."

உள்ள போயிட்டார். செத்துப்போற வரைக்கும் அதப் பத்தி இன்னொரு வார்த்தை பேசல. நல்லாத்தான் இருந்தார் என்கிட்ட, சாப்பிட்டியான்னு கேப்பார். ஆனா அவர் தட்ட நான் எடுக்கப் போனா அவரே எடுத்துக் கழுவி வெச்சுக்குவார்.

எர்மெத்தே பொலோஞ்யாவுல பொட்டலம் கட்டற மெஷின் செய்யற ஒரு பட்டறையில சேந்தான். இங்க வண்டி செஞ்சவங்கள்ல பாதிப் பேர் அதுக்குத்தான் போனாங்க. அந்த பம்ப அங்க கொண்டுபோனான். இருமல் மருந்து பாட்டில்ல ஒவ்வொண்ணுலயும் ஒரே அளவு மருந்து விழணுமே, அதுக்கு வெச்சான். ஒரு சொட்டுகூட கூடாது, கொறையாது. முப்பது வருஷம் இருமல் மருந்து ஊத்தினான் எங்கண்ணன். சம்பளம் நல்ல சம்பளம். வண்டி மட்டும் அப்புறம் ஓட்டவே இல்ல, பஸ்லதான் போவான்.

பதினோரு பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள். ஞாயித்துக்கிழமை, பார் வாசல்ல அவன் சீட்டாடிக்கிட்டு இருந்தான். நான் அவன் வீட்டுச் சாவியக் குடுக்கப் போயிருந்தேன். ஒரு பையன் ஜப்பான் வண்டியில வந்து நிறுத்தினான். பசங்க சுத்தி நின்னுக்கிட்டாங்க. எண்ணெய்க்குத் தனி டப்பாவாம், பெட்ரோல்ல கலக்கவே வேணாமாம், பம்பே அளந்து குடுக்குமாம், என்ன மூளைடா ஜப்பான்காரனுக்குன்னு ஒரே ஆச்சரியம்.

எர்மெத்தே எழுந்து போனான். வண்டிகிட்ட குந்தி உக்காந்தான், கண்ணாடியப் போட்டுக்கிட்டு அந்த பம்ப ரொம்ப நேரம் பாத்தான். தொடல. அப்புறம் வந்து உக்காந்து சீட்ட எடுத்துக்கிட்டான்.

"நம்மளது சின்னது," அப்படின்னேன் நான்.

"உன் விரலுக்குத் தெரியாம இருந்திருக்காது," அப்படின்னான். சீட்டுலேருந்து கண்ண எடுக்கல. "அன்னிக்கு ராத்திரியே தெரியும் எனக்கு. பந்தயத்துக்கு முன்னாடி டப்பா பாக்காம நீ ஒரு நாள் விட்டதில்ல."

"அண்ணே..."

"சாவிய மேசைமேல வெச்சுட்டுப் போ."

வெச்சுட்டுப் போனேன். அதுக்கப்புறமும் இருபத்தாறு வருஷம் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுல சாப்பிடுவான், குழந்தைங்களுக்கு ஏதாவது வாங்கிட்டு வருவான், என் பேரச் சொல்லி மட்டும் கூப்பிட்டதில்ல. யாராவது மர்சதூரிதான் கெடுத்தான்னு அவன் முன்னாடி பேசினா, ஆமாம்னும் சொல்ல மாட்டான், இல்லன்னும் சொல்ல மாட்டான். எனக்காகச் சொல்லாம இருந்தானா, என்னச் சொல்ல வெக்கறதுக்காக இருந்தானா, தெரியல. எனக்குப் பாசம்னு தோணல.

இதான் நடந்தது. ஊத்தினது இவோ, விட்டது நான். அந்த மோதெனா வண்டிக்குப் பக்கத்துல ஒரு அட்டை வெச்சிருக்காங்களாமே, மர்சதூரியோட சதின்னு, அத யாராவது மாத்தச் சொல்லுங்க. அவன் பாவம்னு இல்ல. அந்த வண்டி எங்க குடும்பத்துது, அதுக்கு நடந்ததும் எங்களுதுதான்.

உங்க வீட்டுலயும் இருக்கும், தெரிஞ்சுக்கிட்டே மூடின மூடி ஏதாவது. லுச்செர்த்தோலா ஓட்டினவங்க, அந்த மலைப் பந்தயத்துக்கு அன்னிக்கு வந்தவங்க, இல்ல அவங்க புள்ளைங்க யாராவது இருந்தா எழுதுங்க. திட்டணும்னாலும் எழுதுங்க. பெரிய எழுத்துல எழுதுங்க, அப்பத்தான் எனக்குத் தெரியும்.